நடுவர் ஏன் பிள்ளையை வெளியே உட்கார வைத்தார்?



சென்ற இதழில் நீரிழிவுக்காரர்கள் பாதங்களைப் பேணும் முறை பற்றிப் பார்த்தோம். இந்த இதழில் உயர் இரத்த அழுத்தம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அது அடுத்த இதழுக்குப் போகிறது. காரணம், நம் சங்கத்தின் விளையாட்டு விழாவும், அது முடிந்த பிறகு நிர்வாகக் குழுவுக்கு வந்த இரண்டு புகார்க் கடிதங்களும்.

விழாவுக்கு வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். 14 வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளின் கூடைப்பந்து இறுதிப் போட்டி. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு இரண்டு பிள்ளைகள் ஒன்றாகக் குதித்தார்கள். ஒருத்தியின் நெற்றிப்பொட்டு மற்றவளின் தோளில் பலமாக மோதியது. விழுந்த பிள்ளை சில விநாடிகளில் எழுந்துவிட்டாள், சிரிக்கவும் செய்தாள். நடுவராக நின்றவர் நம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர். அவர் ஆட்டத்தை நிறுத்தி, பிள்ளையிடம் குனிந்து, "கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்?" என்று கேட்டார். பிள்ளை யோசித்தாள். எடுத்தது அவளேதான். அரை நிமிடம் முன்புதான். அவளுக்கு நினைவில்லை.

உடனே மாற்று ஆட்டக்காரரை அழைத்து, அவளை வெளியே உட்கார வைத்தார். அந்த அணியில் அவள்தான் கெட்டிக்காரி. அணி 4 புள்ளிகளில் தோற்றது. தகப்பனார் கோட்டுக்கு அருகே இறங்கி வந்து சத்தம் போட்டார். "மாமா, கோவிச்சுக்காதீங்க. தங்கச்சி இன்னைக்கு விளையாட முடியாது" என்று மாணவர் ஒரே பதிலைத்தான் மூன்று தடவையும் சொன்னார்.

புகார்கள் இவைதான். ஒன்று, அந்தப் பையன் டாக்டர் இல்லையே, முடிவெடுக்க அவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இரண்டு, மண்டபத்தில் இரண்டு டாக்டர்கள் இருந்தும் ஏன் கேட்கவில்லை? அந்த இரண்டு டாக்டர்களில் ஒருவர் நாங்கள்தான். மோதல் நடந்த நேரம் அத்தோ வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில். பிள்ளையின் பெற்றோர் இதை எழுத அனுமதி தந்தார்கள். அவர்களுக்கு நன்றி.

நடுவரின் வேலை எது?

முதல் கேள்வியில் ஒரு உண்மை இருக்கிறது. நடுவர் டாக்டர் இல்லை. கூடைப்பந்தின் விதிகளும் அவரை டாக்டராக இருக்கச் சொல்லவில்லை. எலும்பு முறிந்ததா, சுளுக்கா என்று கண்டுபிடிப்பது அவர் பொறுப்பில் வராது. ஆட்டத்தை எப்போது நிறுத்துவது, உள்ளே யாரை விடுவது, அடிபட்டவர் களத்தில் இருக்கலாமா என்ற மூன்றையும் அவர் தீர்மானிக்கிறார். அவ்வளவுதான்.

உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்புத்தகத்தில் காயத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதைப் படித்த பெற்றோர் நம்மில் மிகச் சிலரே இருப்போம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஒருவர் விழுந்தால், நடுவர் பொதுவாக உடனே விசில் ஊதமாட்டார். பந்தை வைத்திருக்கும் அணி எறிந்து முடிக்கும்வரை, அல்லது பந்தை இழக்கும்வரை, அல்லது தானாக ஆட்டத்தை நிறுத்திவைக்கும்வரை காத்திருப்பார். வேண்டுமென்றே விழுந்து எதிரணியின் ஓட்டத்தைக் கெடுப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் அல்லவா? "பிள்ளை விழுந்து கிடக்கிறாள், இவர் பந்தின் பின்னால் ஓடுகிறாரே" என்று நாம் கொதிப்பது இந்த இடத்தில்தான்.

அதே விதி அடுத்த வரியிலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அடிபட்டவரைக் காப்பாற்ற அவசியம் என்று தோன்றினால் நடுவர் அந்தக் கணமே நிறுத்தலாம். பந்து யாரிடம் இருந்தாலும் சரி. சிறுவர் ஆட்டங்களில் இந்தக் கதவை அகலத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. நாலு புள்ளி போனால் போகட்டும்.

நின்ற பிறகு சுமார் 15 விநாடி. அதற்குள் ஆட்டக்காரர் தானாக எழுந்து ஆடத் தயாராகாவிட்டால், அல்லது அவருக்குச் சிகிச்சை தரப்பட்டால், அல்லது பயிற்சியாளரோ அணியைச் சேர்ந்தவரோ உள்ளே வந்து உதவினால், அவருக்குப் பதில் வேறொருவர் வந்தே ஆக வேண்டும். இதற்கு விலக்குகள் உண்டு. மாற்று ஆள் இல்லாமல் களத்தில் ஐந்து பேருக்குக் குறைந்துவிடும் நிலை என்றால் அவர் இருக்கலாம். ஏதாவது ஒரு அணி டைம்-அவுட் எடுத்து, அதற்குள் அவர் தேறிவிட்டாலும் தொடரலாம். அடிபட்டவருக்குக் கிடைத்த ஃப்ரீ-த்ரோவை அவருக்குப் பதிலாக வந்தவர் எறிவார்.

ஆகவே அம்மாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினால், உங்கள் பிள்ளையை வெளியே அனுப்புவது நடுவர் ஆக இராது, நீங்களாகவே இருப்பீர்கள்.

பயிற்சியாளர் உட்பட யாரும் நடுவரின் அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது. ஒரே ஒரு விலக்கு டாக்டருக்கு. உடனடிச் சிகிச்சை தேவை என்று டாக்டர் கருதினால் அனுமதி கேட்காமலே நுழையலாம். இரண்டாவது புகாருக்குப் பதில் இதில் இருக்கிறது. நடுவர் எங்களைத் தேடி வரவேண்டியதில்லை. நாங்கள்தான் கோட்டருகே இருந்திருக்க வேண்டும். இன்னொன்று. நாங்கள் வந்திருந்தாலும் அந்தப் பிள்ளையைத் திரும்ப ஆட அனுப்பியிருக்க மாட்டோம். வெளியே எடுக்கும் விஷயத்தில் சந்தேகப்படும் எவர் சொன்னாலும் போதும். உள்ளே அனுப்பும் விஷயத்தில் அவசரம் கூடாது.

சிரியத்தில் ஒரு மாலை

புகார்க் கடிதங்களைப் படித்த அன்று இரவு எங்களுக்குத் தன்லியின் ஞாபகம் வந்தது. இளையவர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். வீட்டில் தாத்தா பாட்டியிடம் சிரியம் என்று சொல்லிப் பாருங்கள். ரங்கூனுக்கு எதிரே, பாகோ ஆற்றின் அக்கரையில் இருக்கும் ஊர். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு வேலைக்கு வந்தவர்களும், சுற்றுக் கிராமங்களில் நெல் விளைவித்தவர்களுமாகத் தமிழர்கள் அங்கே வேர்பிடித்தார்கள். இப்போது இருக்கும் பாலம் 1993இல்தான் திறந்தது. அதற்கு முன் ரங்கூன் போக வேண்டுமென்றால் படகைப் பிடிக்க வேண்டும்.

எங்கள் பையன்களுக்குக் கால்பந்தும் சின்லோனும்தான் விளையாட்டு. சின்லோன் தெரியாதவர்களுக்கு: ஆறு பேர் வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் காலால் தட்டித் தட்டி விழாமல் காப்பது. பழைய முறையில் எதிரணி கிடையாது, புள்ளி கிடையாது, ஆகவே விசிலும் கிடையாது. யாருக்காவது சுளுக்கினால் வட்டம் தானாக நின்றுவிடும். கூடைப்பந்து எங்களுக்கு வந்தது பள்ளித் திடலில் யாரோ எப்போதோ நட்டுவைத்த இரண்டு இரும்பு வளையங்களால். வலை இல்லை. ஒரு வளையம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். எங்கள் சயா, அதாவது ஆசிரியர், லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு விசில் ஊதுவார்.

1986ஆம் ஆண்டு, மழை தொடங்குவதற்கு முந்தைய புழுக்கமான மாலை. எங்களைவிட ஒரு வயது மூத்த நண்பன் ஒருவன் பந்து இல்லாமல் தனியாகத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தான். அவனை யாரும் தொடவில்லை. முகம் குப்புற விழுந்தான். சயா பந்தைப் பார்த்துக்கொண்டு மறுமுனையில் இருந்தார். ஆட்டம் அங்கே நடந்துகொண்டே இருந்தது. நாங்கள் சிலர் கத்தியபிறகுதான் விசில் வந்தது.

அவனுடைய கைகால்கள் வெட்டி இழுத்தன. "காக்காய் வலிப்பு" என்று ஒருவர் சொன்னார். உடனே சைக்கிள் சாவி ஒன்றைக் கையில் திணித்தோம். இன்னொருவர் ஓடிப்போய் இரும்புக் கம்பி கொண்டுவந்தார். முகத்தில் தண்ணீர் அடித்தோம், வாயில் சோடா ஊற்றப் பார்த்தோம். இழுப்பு நின்றது. பெரிய பெருமூச்சாக இரண்டு மூன்று தடவை வாய் திறந்து மூடியது. "மூச்சு வந்துவிட்டது, தூங்கட்டும்" என்றார்கள். ஒரு கூட்டமே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. நாங்களும் அதில் ஒருவர். பிறகு தூக்கிக்கொண்டு போனோம். வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

அவனுடைய அம்மா பல ஆண்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டார். பிறந்ததிலிருந்து வலிப்பே வராத பிள்ளைக்கு அன்றைக்கு மட்டும் எப்படி வந்தது? எங்களிடம் பதில் இல்லை. 1988க்குப் பின் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்ததால் எங்கள் மருத்துவப் படிப்பு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் இதயம் பற்றிய பாடத்துக்கு வந்தபோதுதான் அந்த மாலையில் நாங்கள் பார்த்தது வலிப்பு இல்லை என்று விளங்கியது. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமலே நாட்டை விட்டு வந்துவிட்டோம்.

யாரும் தொடாமல் விழுந்தால்

இதயத்துடிப்பு திடீரென்று நின்றால் மூளைக்கு இரத்தம் போகாது. அந்த விநாடிகளில் கைகால்கள் இழுக்கலாம். பார்ப்பவருக்கு அது அச்சு அசல் வலிப்பு போலவே இருக்கும். அதன் பின் வரும் பெருமூச்சுகளும் உண்மையான மூச்சு இல்லை. கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பது போல, சாகும் தறுவாயில் வரும் இழுப்பு அது. ஆகவே இன்று உலகம் முழுவதும் பயிற்றுநர்களுக்கும் நடுவர்களுக்கும் சொல்லித்தரப்படுவது இது: விளையாடும்போது ஒருவர் யார் மேலும் மோதாமல் தானாக விழுந்து, கூப்பிட்டால் அசையாமல் கிடந்தால், மாறாகத் தெரியும்வரை அது இதயம் நின்றதாகவே கொள்ள வேண்டும். இழுப்பு இருந்தாலும் அப்படித்தான்.

இங்கே நடுவர் எறிதல் முடியக் காத்திருக்கக் கூடாது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிய யூரோ கால்பந்து ஆட்டத்தை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமல் சரிந்தார். நடுவர் ஆன்டனி டெய்லர் சில விநாடிகளில் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை உள்ளே அழைத்தார். சக ஆட்டக்காரர்கள் முதுகைக் காட்டி வளையமாக நின்று மறைத்தார்கள். களத்திலேயே மார்பு அழுத்தமும் மின் அதிர்ச்சியும் கொடுக்கப்பட்டன. எரிக்சன் பிழைத்தார், நெஞ்சில் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு மறுபடி ஆடவும் வந்தார். அது கால்பந்துதான், ஆனால் கூடைப்பந்து நடுவர்களும் பார்த்துப் படிக்க வேண்டிய காட்சி.

கூடைப்பந்தில் மனதை உறுத்தும் பெயர் ஹேங்க் கேதர்ஸ். அமெரிக்காவில் லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம். 1990 மார்ச் 4 அன்று ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். வயது 23. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1989 டிசம்பரில், அவர் ஒருமுறை ஆட்டத்தில் மயங்கி விழுந்திருந்தார். இதயத் துடிப்பில் கோளாறு என்று கண்டுபிடித்து மருந்தும் கொடுத்திருந்தார்கள். பெற்றோர்கள் இதில் கவனிக்க வேண்டியது அந்த முதல் மயக்கத்தை. ஓடும்போது மயங்கும் பிள்ளையை "காலையில் சாப்பிடவில்லை, வெயில்" என்று விட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால் அதையும் குடும்ப டாக்டரிடம் சொல்லுங்கள். ஊரில் நடந்த சாவுகளை "செய்வினை" என்றும் "காத்து கருப்பு" என்றும் சொல்லி முடித்திருப்பார்கள். கொஞ்சம் துருவிக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது என்ன? ஒருவர் அவசர எண்ணுக்குப் போன் செய்ய, இன்னொருவர் ஏஇடி எனப்படும் மின் அதிர்ச்சிப் பெட்டியை எடுக்க ஓட வேண்டும். மூன்றாமவர் மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். விலா எலும்பு முறியுமோ என்று பயப்படாதீர்கள். ஒன்றும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைச் சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. பெட்டியைத் திறந்தால் அதுவே பேசி வழிகாட்டும். அதிர்ச்சி தேவையில்லை என்றால் அது கொடுக்காது, ஆகவே தவறாகப் பயன்படுத்திவிடுவோமோ என்ற கவலையும் வேண்டாம்.

சாவிக்கொத்தைப் பையிலேயே வைத்திருங்கள். இரும்பு, நிஜமான வலிப்புக்கும் உதவாது.

தலையில் அடி

நம் விழாவுக்குத் திரும்புவோம். அந்தப் பிள்ளைக்கு வந்தது கன்கஷன், மூளை குலுங்கியதால் வரும் தற்காலிகக் கோளாறு. தலையில் நேராக அடிபட வேண்டும் என்பதில்லை, உடம்பில் பட்ட அடி தலையை உலுக்கினாலும் வரும். பெரும்பாலோர் நினைவு இழப்பதில்லை. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "நல்லா இருக்கேன்" என்று பிள்ளை சொல்வதை நம்பவும் முடியாது, ஏனென்றால் அப்படித் தீர்மானிக்கும் உறுப்புக்குத்தான் அடிபட்டிருக்கிறது.

நடுவர் கேட்ட கேள்வி அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. இப்போது எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டத்தில் யாரோடு மோதினோம் என்று கேட்பது விளையாட்டு மருத்துவத்தில் பல ஆண்டுகளாக உள்ள வழக்கம். உன் பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேட்பதைவிட இவை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால் கன்கஷன் இல்லை என்று ஆகிவிடாது. தள்ளாட்டம், வெறித்த பார்வை, தாமதமான பதில், தலைவலி, வாந்தி உணர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளின் விதிகளை எழுதும் கூட்டமைப்பு 2010இல் இதை நடுவர் கையில் தெளிவாகவே கொடுத்தது. கன்கஷன் அறிகுறி காட்டும் ஆட்டக்காரரை உடனே வெளியேற்ற வேண்டும், தகுதியுள்ள மருத்துவத் துறையினர் அனுமதிக்கும்வரை திரும்ப விடக்கூடாது. கனடாவில் இருக்கும் நம் உறவினர்களுக்கு ரோவன் சட்டம் தெரிந்திருக்கும். ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண், பள்ளி ரக்பி அணியின் தலைவி. 2013 மே மாதம், ஒரு அடி ஆறுவதற்குள் சில நாள் இடைவெளியில் மறுபடி தலையில் அடிபட்டு இறந்தாள். ஒன்டாரியோ 2018இல் அவள் பெயரில் சட்டம் இயற்றியது. ஆறாத மூளை மீது விழும் இரண்டாவது அடி இளம் வயதினருக்கு அவ்வளவு ஆபத்தானது. பிரிட்டனில் 2023இல் வந்த அரசு வழிகாட்டல், கன்கஷனுக்குப் பின் 21 நாளுக்குள் போட்டிக்குத் திரும்ப வேண்டாம் என்கிறது.

அன்றிரவு அந்தப் பிள்ளை காரிலேயே ஒரு தடவையும் வீட்டில் ஒரு தடவையும் வாந்தி எடுத்தாள். தகப்பனார் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார். அது சரியான முடிவு. வாந்தி மறுபடி மறுபடி வருவது, தலைவலி கூடிக்கொண்டே போவது, குழப்பம் அதிகரிப்பது, இழுப்பு, கைகால் மரப்பு அல்லது பலவீனம், இரட்டைப் பார்வை, கழுத்து வலி, எழுப்பினால் எழாத மயக்கம், இவை எதுவும் இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நல்லவேளை, இரத்தக்கசிவு இல்லை. இரண்டு நாள் வீட்டில் ஓய்வு, பிறகு மெதுவான நடை, பாடம், தனியாகப் பந்து தட்டுதல் என்று படிப்படியாக ஏறி, நாலு வாரம் கழித்துத்தான் அணியோடு ஆடப் போனாள்.

"தூங்கவே விடக்கூடாதாமே டாக்டர்?" என்று அவள் பாட்டி எங்களிடம் கேட்டார். டாக்டர் பார்த்து ஆபத்து அறிகுறி இல்லை என்று சொன்ன பிறகு தூங்கலாம், தூக்கம் நல்லது. முதல் இரவு யாராவது கூட இருந்து கவனித்தால் போதும். வலிக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம். இபுப்ரூஃபன் முதல் இரண்டு நாள் வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதுமே வேண்டாம்.

கழுத்து வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையையோ, அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவரையோ கைக்கு ஒருவர் காலுக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மூச்சு இருந்தால் கிடந்த இடத்திலேயே தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். ஆட்டம் அரை மணி நேரம் நின்றாலும் நிற்கட்டும். கூட்டத்தை விலக்கி வைப்பதுதான் அப்போது நடுவரின் பெரிய வேலை.

இரத்தம் வந்தால்

சின்னச் சிராய்ப்புக்கும் நடுவர் வெளியே அனுப்புகிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. விதி அப்படித்தான். இரத்தம் கசிந்தாலோ திறந்த காயம் இருந்தாலோ மாற்று ஆள் வரவேண்டும். கசிவு நின்று, காயத்தை முழுவதும் உறுதியாக மூடிய பிறகு திரும்பலாம். இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு காலத்தின் பயம் இருக்கிறது. 1991 நவம்பர் 7 அன்று மேஜிக் ஜான்சன் தமக்கு எச்ஐவி இருப்பதாக உலகத்துக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு திரும்ப ஆட வந்தபோது, சக ஆட்டக்காரர்களின் அச்சத்தால் மறுபடி விலகினார். 1996இல்தான் களத்துக்கு வர முடிந்தது. உண்மையில் ஆட்டக் களத்தில் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஹெபடைடிஸ் பி அதைவிட எளிதில் தொற்றக்கூடியது. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களில் அது இருப்பதை எங்கள் அறையில் அடிக்கடி பார்க்கிறோம். அதற்குத் தடுப்பூசி உண்டு. போட்டுக்கொண்டீர்களா என்று தெரியாவிட்டால் ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

காயத்தில் காப்பித்தூளும் மஞ்சளும் தனாக்காவும் வேண்டாம். சுத்தமான தண்ணீர், அழுத்திப் பிடிக்க ஒரு துணி, மேலே கட்டு. மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கச் செய்வது நம்மவர் வழக்கம். முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

வெளியே இரத்தம் வராத அடி இன்னும் ஏமாற்றக்கூடியது. 2023 ஆகஸ்டில் மணிலாவில் நடந்த உலகக் கோப்பையில் செர்பியாவின் போரிஷா சிமானிச்சுக்குத் தென்சூடான் ஆட்டக்காரர் ஒருவரின் முழங்கை பக்கவாட்டில் பட்டது. உடம்பில் கீறல் கூட இல்லாத அடி. அறுவை சிகிச்சைகள் செய்து, கடைசியில் ஒரு சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. வயிற்றிலோ விலாவிலோ அடிபட்ட பிள்ளைக்கு வலி குறையாமல் கூடினால், முகம் வெளிறினால், சிறுநீர் சிவந்தால் உடனே மருத்துவமனை.

சுளுக்கு எடுப்பவர்களுக்கு

விரலில் பந்து குத்துவது கூடைப்பந்தில் சர்வசாதாரணம். உடனே ஒரு அண்ணன் வந்து விரலைப் பிடித்துச் "சொடக்" என்று இழுத்துவிடுவார். தயவுசெய்து இழுக்காதீர்கள். விரல் நுனி தொங்கி, தானாக நிமிர்த்த முடியாவிட்டால் அதன் நரம்புக்கயிறு அறுந்திருக்கிறது என்று பொருள். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் பட்டை வைத்து நிமிர்த்தி வைத்தால் பெரும்பாலும் சரியாகும். தாமதித்தால் கோணலாகவே நின்றுவிடும்.

கணுக்காலுக்கும் அதே பேச்சு. வீங்கிய கணுக்காலை எண்ணெய் விட்டு வழிப்பதை முதல் சில நாட்களுக்கு நிறுத்தி வையுங்கள். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால், அல்லது மொழி எலும்பைத் தொட்டாலே துடிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். புத்தூர்க் கட்டின் மகிமையைப் பற்றி எங்களிடம் வாதாட வரும் பெரியவர்கள் முதலில் எக்ஸ்ரேயோடு வரட்டும், பிறகு பேசலாம்.

அடுத்த ஆண்டு விழா

நிர்வாகக் குழுவோடு பேசி முடிவு செய்தவை இவை. ஏஇடி பெட்டி உடை மாற்றும் அறையின் வாசலுக்கு வலப்பக்கச் சுவரில் இருக்கிறது. அதைப் பூட்டிவைக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதலுதவி தெரிந்த ஒருவர் நேரக் கணக்கு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அத்தோ அவருக்குத் தட்டில் வந்து சேரும். கோட்டுக்குள் பெற்றோர் வரக்கூடாது, நடுவர் கையசைத்துக் கூப்பிட்டால் தவிர. ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகளின் நகம், தோடு, வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் நடுவர் பார்ப்பார். தாலிச் சங்கிலியோடு ஆட வரும் மகளிர் அணிக்கும் இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். பொருந்தும். கழற்ற மனமில்லாதவர்கள் கைதட்டி உற்சாகப்படுத்தலாம்.

மார்பு அழுத்தப் பயிற்சி ஒன்றை விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் நடத்துகிறோம். பொம்மைகள் நான்குதான் கிடைக்கும், ஆகவே செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.

அந்த மாணவர் அடுத்த ஆண்டும் நடுவராக வரச் சம்மதித்திருக்கிறார். பிள்ளையின் தகப்பனார் மேசையில் உட்கார்ந்து நேரக் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த 4 புள்ளிகளை அவர் இன்னும் மறக்கவில்லை.

உயர் இரத்த அழுத்தம் அடுத்த இதழில்.